கோடு நேரா இருக்கா

அப்பா பானட்டுக்குள் தலையை விட்டு, நான்கு பிளக் ஒயர்களில் இரண்டாவதைப் பிடுங்கினார். பார்க்கிறவர் கண்ணுக்குப் பொருந்தியிருப்பது போலவே அதை அதன் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

“இப்போ ஸ்டார்ட் பண்ணு.”

மகள் சாவியைத் திருப்பினாள். கார் குளிர்காய்ச்சல் கண்டது போல உதறியது. கதவு, கண்ணாடி, அவர் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து ஆடின.

“அருமையா மிஸ்ஸிங் அடிக்குது. கிளம்பு.”

விஷயம் இதுதான். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவள். தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டம். கார் பதினான்கு வருஷத்துப் பழசு. முப்பத்து நான்கு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாதான் இதுவரை அதன் வைத்தியர். வேறொருவர் கை அதன்மேல் பட விட்டதில்லை. ஆனால் அவருக்கு வலது கண் அநேகமாகப் போய்விட்டது. இடது கண்ணில் எல்லாம் புகைக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிகிறது. ஆகவே காருக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைப் பார்த்து ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இந்த ஒயர்.

“நல்லவனா இருந்தா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சு அமுக்கி விட்டுடுவான். அரைகுறை எதையாவது மாத்துவான். திருடன் கதை சொல்லுவான்,” என்றார்.

முதலில் போனது முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட இடம். டை கட்டிய ஒருவர் வந்து, ஏதோ கருவியை மாட்டி, கழற்றி, நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டன என்றார்.

“நாலுமா?” என்று கேட்டார் அப்பா, ஒன்றும் தெரியாதவர் போல.

“ஒண்ணு போனா மத்ததும் போயிடும் சார். எல்லாம் ஒரே வயசுதானே.”

“அப்படிப் பார்த்தா எங்க தெருவுல பாதிப் பேர் இன்னைக்கே போகணும்.”

இரண்டாவது பட்டறைக்காரன் பானட்டைத் திறக்கவே இல்லை. காதை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்ஜினை இறக்க வேண்டும், ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றான். தெருவுக்கு வந்ததும் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“வாசல்ல நின்னுக்கிட்டே பிரசவம் பாக்கறான்.”

“எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப நீங்க இத்தனை படி ஏறி இறங்கலை,” என்றாள் அவள்.

“அதனாலதானே அது அப்படி முடிஞ்சுது,” என்றார் அவர். விவாகரத்து ஆகி ஆறு வருஷம் ஆகிவிட்டதால் இருவராலும் அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது.

மூன்றாவது பட்டறை ஒரு மரக்கடைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் இருந்தது. மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கையிலிருந்த வேலையை முடித்து, கை கழுவி, பானட்டைத் திறந்தார். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டே போனவர் இரண்டாவதில் நின்று அதை அமுக்கினார். நடுக்கம் நின்றது.

“இது தானா கழண்டதில்ல பெரியவரே. யாரோ கழட்டியிருக்காங்க.”

அப்பா மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பாஸ் என்று அர்த்தம். அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது. இன்னும் மூன்று வீடுகளில் வெறும் வயிற்றோடு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

ஆனால் மெக்கானிக் நகரவில்லை. முன் இடது சக்கரத்தருகே குந்தி, உள்பக்கமாக விரலை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்தார்.

“பிரேக் ஆயில் கசியுது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா ஹோஸ் டயர்ல உரசுது. இதோட ஓட்டாதீங்க.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“அது புது ஹோஸ்.”

“புதுசுதான். ஆனா முறுக்கி மாட்டியிருக்கு. யாரு மாட்டினது?”

பிரேக் ஹோஸ் என்பது விரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாய். அதன் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். மாட்டிய பிறகு கோடு நேராக ஓடினால் சரி. சுற்றிக்கொண்டு போனால் குழாய் முறுக்கிக்கொண்டிருக்கிறது, இறுக்கியது தப்பு என்று பொருள். மெக்கானிக் டார்ச்சை அடித்துக் காட்டினார். கோடு குழாயைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அது அவளுக்குத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஹோஸை மாட்டியது அப்பாதான். அவள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியாக ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, “கோடு நேரா இருக்கா, பாரு,” என்று அவர் கேட்டபோது அவளுக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்திருந்தது. அவள் குனியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, “இருக்குப்பா,” என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அப்பா தன்னைப் பார்ப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் மெக்கானிக்கைப் பார்த்தபடியே இருந்தார்.

“வந்த வேலை முடிஞ்சுதில்ல? இல்லாத வேலையைக் கிளப்பாதே. பிரேக்கைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.”

 மெக்கானிக் எழுந்து போய், பிரேக் ஆயில் புட்டியைத் திறந்து குறைந்த அளவுக்கு ஊற்றினார். கதவருகே வந்து அவளிடம் மட்டும், “நடக்கற வேகத்துல வீட்டுக்குப் போங்க. அதுக்கு மேல எடுக்காதீங்க,” என்றார்.

அவர்கள் நடக்கிற வேகத்தில்தான் போனார்கள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, முறைத்துக்கொண்டு கடந்து போனார்கள்.  பாதி வழியில் அப்பா, “கையை ஹேண்ட் பிரேக் மேலயே வெச்சுக்கோ,” என்றார். இரண்டு தெரு கழித்து, “நாளைக்கு நீ தனியா போய் அவன்கிட்ட மாத்திக்கோ,” என்றார்.

“அப்பா, அன்னைக்கு நான்…”

“ரோட்டைப் பாரு.”

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அவள் பஸ் பிடித்து அந்த மூன்று வீடுகளுக்கும் போனாள். ஒரு வீட்டில் நேரமாகிவிட்டதென்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாதிரிகளைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மணி மூன்றரை. அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு காலில் செருப்பு கழற்றப்படாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மணிக்கட்டில் விரல் வைத்தாள். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அவள் விரல்கள் தேடுகிற இடம்தான். அங்கே ஒன்றும் இல்லை. கழுத்தில் வைத்தாள். பிறகு அந்தச் செருப்பைக் கழற்றி, மற்றதோடு சேர்த்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு, இரண்டு மணி வாக்கில் போயிருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். தம்பி இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தான். அடுத்த ஊரில் மருந்து மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறவன். வந்ததும் அழுதான். அழுது முடித்ததும் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை நாற்காலி, எத்தனை மணிக்கு எடுப்பது என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தான்.

காலையில் அவள் முதலில் நினைத்தது காரைத்தான். பத்துப் பேர் வந்து போகிற வீட்டில் ஒரு கார் சும்மா நிற்காது. யாராவது அவசரத்துக்கு எடுத்துவிடுவார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறரை மணிக்குப் பட்டறை எண்ணுக்குப் போன் செய்தாள்.

“நேத்து ஒயர் கழண்ட வண்டி. வீட்டுக்கு வந்து ஹோஸை மாத்தித் தர முடியுமா?”

“பெரியவர் விடமாட்டாரே.”

“அப்பா நேத்து மத்தியானம் தவறிட்டாங்க.”



“வீடு எங்கன்னு சொல்லுங்க.”

ஏழரைக்கு வந்துவிட்டார். பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவரின் முன்னால் அரை நிமிஷம் நின்றார். வெளியே வந்து ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தார். நாற்காலிகளில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்கள்.

தம்பி அப்போதுதான் வந்தான்.

“அக்கா, சாவியைக் குடு. அத்தைக்கு எட்டரைக்கு ரயில் வருது.” அப்புறம்தான் தூக்கி நிறுத்தியிருந்த காரைப் பார்த்தான். “இது என்ன? யாரு இவரு?”

“மெக்கானிக். பிரேக் ஹோஸ் மாத்தணும்.”

“எது, முன்னாடி இடது பக்கமா? அதைத்தானே அப்பா போன வாரம் புதுசு போட்டாரு? எங்கிட்ட போன்ல பத்து நிமிஷம் அதைத்தான் பேசினாரு. கண்ணு தெரியலேன்னு நீ சொல்றியே, கை தெரியுது பாருடான்னாரு.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. “செத்த வீடுன்னுகூடப் பாக்காம வந்து பிழைப்பு நடத்தறாங்க. அப்பா இருந்தா இவனை வாசல்லயே நிறுத்தியிருப்பாரு. நீயும் தலையாட்டிக்கிட்டு நிக்கறியே.”

சக்கரத்தருகே ஸ்பேனர் நின்றது. மெக்கானிக் திரும்பவில்லை.

“கழட்டினதைக் காட்டுங்க,” என்றான் தம்பி. அப்பா எந்தக் கடையிலும் கேட்கிற கேள்விதான் அது. தொனியும் அப்பாவுடையதுதான்.

கழற்றிய ஹோஸ் மெக்கானிக்கின் முழங்காலருகே, எண்ணெய்த் துணிக்கடியில் பாதி மறைந்து கிடந்தது. எடுத்துக் காட்டினால் ஒரு நொடியில் அவர் பெயர் சுத்தமாகிவிடும். அவர் எடுக்கவில்லை. கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் இப்போது செய்தித்தாளை மடித்தே வைத்துவிட்டிருந்தார்கள்.

“இவரு மாத்தறது சரிதான்டா,” என்றாள். “அது முறுக்கிப் போய்த்தான் இருக்கு. என் தப்பு.”

“நீயா மாட்டின?”

“மாட்டினது அப்பா. கோடு நேரா இருக்கா பாருன்னு எங்கிட்டதான் கேட்டாரு. நான் போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். பாக்காமலே இருக்குன்னு சொல்லிட்டேன்.”

 தம்பி குனிந்து துணியை விலக்கி ஹோஸை எடுத்தான். அதன் நடுப்பகுதியில் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“நேத்து இவரு பட்டறையிலதான் தெரிஞ்சுது. கூடவே இருந்தாரு.”

“உன்னை என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை.”

“ஒண்ணுமேவா?”

“இவரைத்தான் திட்டினாரு.”

தம்பி ஹோஸை எடுத்த இடத்திலேயே வைத்து, துணியையும் முன்பு போலவே மூடினான்.  எழுந்திருக்கும்போது மெக்கானிக்கிடம், “எவ்வளவு நேரம் ஆகுங்க?” என்று கேட்டான்.

“முக்கால் மணி.”

“நீங்க மெதுவாவே பாருங்க. நான் அத்தையைப் பஸ்ல கூட்டிட்டு வந்துடறேன். டீ அனுப்பச் சொல்றேன்.” தெருவுக்கு இறங்கியவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

மெக்கானிக் புது ஹோஸை மாட்டி இரண்டு முனைகளையும் இறுக்கினார். அப்புறம், “குழாய்க்குள்ள நிக்கற ஏரை எடுக்கணும். பிரேக்கை மிதிக்க ஒரு ஆள் வேணும்,” என்றார்.

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இரவெல்லாம் தூங்காத கண்ணுக்குக் காலை வெயில் கூசியது. முன் கண்ணாடி வழியாக நாற்காலி வரிசையும், வாசற்படியில் குவிந்து கிடந்த செருப்புகளும் தெரிந்தன. யாரோ ஒரு மாலையோடு உள்ளே போனார்கள்.

“மிதிங்க,” என்றது கீழேயிருந்து குரல். “பிடிங்க.”

பெடல் தரைவரை போனது. குழாயிலிருந்து காற்று சீறுவது கேட்டது.

“விடுங்க. மறுபடி மிதிங்க. பிடிங்க.”

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே இருக்கையில் இருந்துதான் மிதித்தாள். குரல்தான் வேறு. அந்தக் குரல் நடுநடுவே, தூங்கிட்டியா, பஸ்ஸா ஓட்டறே, நல்லா மிதி என்று கேலி செய்துகொண்டே இருந்தது. இந்தக் குரல் மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, பாதியில் பெடல் காலை எதிர்த்தது. அதற்கடுத்த தடவை அதைவிட மேலே.

“கெட்டியாச்சா?”

“ஆச்சு.”

“அப்படியே பிடிங்க.”

அவள் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனர் ஒருமுறை இறுக்கும் ஓசை கேட்டது. சக்கரம் மாட்டப்பட்டது. நான்கு போல்ட்டுகளும் ஒவ்வொன்றாக ஏறின. கூடத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் ஜாக்கியை இறக்க இறக்க, கார் அவளையும் வைத்துக்கொண்டு மெல்லத் தரைக்கு வந்தது. அவள் கால் பெடலின் மேலேயே இருந்தது.