கடைசி இருக்கை வரை பார்த்தாயிற்று

1

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: கடவுள் இல்லாமல் ஒழுக்கம் உண்டா என்ற, மனிதகுலத்தின் தூக்கத்தை நெடுங்காலமாகக் கெடுத்துவரும் கேள்விக்கு, இந்தக் கதையின் முடிவில் இறுதித் தீர்ப்பு வழங்கப்படும். அறிஞர்கள் இனி வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

(நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். இதை மட்டும்தான் கிழிக்கவில்லை. அதனால் இதுவே இருக்கட்டும்.)

உண்மையில் கதை தொடங்கியது போன வாரம் செவ்வாய்க்கிழமை, என் வீட்டில். ஒரு பெண் வந்தார். சிறையில் இருக்கும் பள்ளி வண்டி ஓட்டுநர் ஒருவரின் மனைவி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணா, அடுத்த வியாழக்கிழமை அப்பீல் வருது. எல்லா வண்டியிலயும் ரெண்டு பலகை இருந்துச்சுன்னு ஷெட்டுல வேலை பார்க்குற யாராவது ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டா, தண்டனை குறையும்னு வக்கீல் சொல்றார். அரைப் பக்கம் போதுமாம். டிரைவருங்க ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க. நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க. எழுதுறவங்க வேற."

"பாக்குறேன்மா" என்றேன்.

அவர் கேட்டது அரைப் பக்கம். நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளனிடம் உதவி கேட்டால் இதுதான் கிடைக்கும்.

2

ஒரு பள்ளியின் வண்டிகள் நிற்கும் ஷெட்டில் பதினெட்டு வருடங்களாக நான் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பத்திரிகையில் நையாண்டிப் பத்தி எழுதுகிறேன். ஷெட்டில் எனக்கு 'ரைட்டர் சார்' என்று பெயர். புகழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பவன் என்று பொருள்.

என் படைப்புகளிலேயே மிக அதிகமாக வாசிக்கப்பட்டது எதுவென்று கேட்டால், ஒரு பலகைதான். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து: "கடைசி இருக்கை வரை பார்த்தாயிற்று. வண்டி காலி." பதினான்கு வண்டிகள், தினம் இரண்டு முறை. இந்த வாசகர் எண்ணிக்கை என் பத்திக்குக் கனவிலும் கிடைக்காது.

பலகையின் வேலை இதுதான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஷெட்டுக்கு வந்ததும், ஓட்டுநர் தன் இருக்கைக்குப் பக்கத்தில் தொங்கும் பலகையைக் கழற்றி, ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து, பின் கண்ணாடியில் அதை மாட்ட வேண்டும். கேட்டில் நிற்கும் சூப்பர்வைசர் பின் கண்ணாடியில் பலகையைப் பார்த்த பிறகுதான் சாவியை வாங்குவார். மாட்டுவதற்காகவாவது நடக்க வேண்டும், நடந்தால் கண்ணில் படும் என்பது ஏற்பாடு.

இருபது அடி நடை. அவ்வளவுதான்.

மனித மூளை இருபது அடியை மிச்சம் பிடிக்க என்ன செய்யும்? இரண்டாவதாக ஒரு பலகையைத் தயார் செய்து, பின்னால் நிரந்தரமாகத் தொங்கவிடும். வண்டி நின்றதும் முன்னால் இருப்பதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளும். நடக்கவே தேவையில்லை.

3

பாத்திரங்கள் இருவர்.

ஒருவருக்கு ஷெட்டில் பெயர் 'சயின்ஸ்'. எதைச் சொன்னாலும் "பார்த்தீங்களா? யார் சொன்னா?" என்று கேட்பார். கடவுள் நம்பிக்கை கிடையாது. அந்தப் பெண்ணின் கணவர் இவர்தான். இன்னொருவர் 'பிரார்த்தனை'. சாவியைத் திருகும் முன் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைப்பார். இருவரின் வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

"அண்ணே, கண்ணை மூடுற வேலையெல்லாம் இங்கயே முடிச்சிடுங்க. ரோட்டுல திறந்தே இருக்கட்டும்."

"உனக்கும் சேர்த்துத்தான்டா வேண்டிக்கிறேன்."

"அப்படியே என் வண்டி பிரேக்குக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மெக்கானிக்கிட்ட ரெண்டு மாசமா சொல்லியும் கேக்கல. உங்காளு சொன்னாவாவது கேக்குறானா பார்ப்போம்."

பிரார்த்தனையை முதலில் போலிச் சாமியாராக எழுதினேன். கதைக்கு வசதி: பக்திமான் கெட்டவன், நாத்திகன் நல்லவன், கைதட்டல். மூன்று பக்கம் ஓடியது. கிழித்துவிட்டேன். சயின்ஸின் மனைவிக்குப் பிரசவமானபோது இரண்டு வாரம் அவருடைய வண்டியையும் சேர்த்து ஓட்டியவர் இந்த மனிதர். அதை எங்கே ஒளித்துவைப்பது?

4

அந்த நாள்.

அன்று வண்டியின் உதவியாளர் அம்மா விடுப்பு. சயின்ஸ் தனியாகப் பிள்ளைகளை இறக்கினார். ஒன்பதுக்கு ஷெட்டுக்கு வந்தார். முன் பலகையைப் பைக்குள் போட்டார். பின்னால் இரண்டாவது பலகை தொங்கியது. சூப்பர்வைசர் பார்த்தார், சாவியை வாங்கினார். பள்ளியில் ஆசிரியை, ஒரு பிள்ளை வரவில்லை என்று குறித்துக்கொண்டார். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்துவிட்டார்கள்.

கடைசி இருக்கையில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று

கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. வெளியே வெயில்

மதியம் ஒன்றரைக்கு சயின்ஸ் கதவைத் திறந்தபோது, அந்தக் குழந்தை

(இந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்பது நாளாக முடிக்க முயல்கிறேன். பத்தொன்பது வருடம் பத்தி எழுதியவன். அடைமொழிக்குப் பஞ்சமில்லை. வினைச்சொல்தான் வர மறுக்கிறது.)

முடித்த வாக்கியம் ஒன்றே ஒன்று: குழந்தையின் ஒரு காலில் செருப்பு இல்லை, அது கதவுப் படியருகே கிடந்தது.

அப்படியானால் அவள் எழுந்து முன்னால் வரை நடந்திருக்கிறாள். இருபது அடி. பிறகு திரும்பிப் போய்த் தன் இடத்திலேயே படுத்துக்கொண்டிருக்கிறாள்.

5

இப்போது கட்டுரைப் பகுதி. தீர்ப்புகள் வரிசையாக வந்தன.

"சாமி பயம் இருந்தா நடந்திருப்பான்" என்றார் மெக்கானிக். "மேல ஒருத்தன் பார்க்குறான்னு நினைப்பு வேணாமா? அவனுக்குத்தான் மேல யாருமே இல்லையே!" சூப்பர்வைசர் ஆமோதித்தார். கீழே நின்று பார்க்க வேண்டியவர் அவர்தான் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

நாத்திக நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்களிடம் போனேன். "உண்மையான பகுத்தறிவாளன் இப்படிச் செய்திருக்க மாட்டான். இவன் அரைகுறை" என்று கையைக் கழுவினார்கள். ஆக, பக்தர்களுக்கு அவர் முழு நாத்திகர். நாத்திகர்களுக்கு அரை நாத்திகர். தப்புச் செய்தவனை நம் வீட்டுக்காரன் இல்லை என்று நிரூபிப்பதில் மட்டும் இரு கட்சிக்கும் நல்ல ஒற்றுமை.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிறு 'இருபது அடி' என்ற தலைப்பில் பத்தி எழுதினேன். சோம்பேறித்தனம் கொலையாவது எப்படி என்று. நல்ல வரவேற்பு. ஒரு வாசகி அழுதுகொண்டே கடிதம் எழுதியிருந்தார். வைத்திருக்கிறேன்.

6

சம்பவத்துக்கு மறுநாள் காலை போலீஸ் வந்து மற்றப் பதிமூன்று வண்டிகளையும் பார்த்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பலகை. இரண்டாவது பலகைகள் முந்தின சாயங்காலமே காணாமல் போயிருந்தன.

இன்ஸ்பெக்டர் சயின்ஸின் இரண்டு பலகைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கே?"

"பார்த்து எழுதியிருப்பான் சார்" என்றார் சூப்பர்வைசர். நான் பக்கத்தில் நின்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் சயின்ஸிடம் கேட்டார்: "மத்தவங்களும் இப்படிச் செய்வாங்களா?"

"மத்தவங்க வண்டிய நான் ஓட்டல சார். என் வண்டில நான் நடக்கல. அவ்வளவுதான்."

யாரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு முறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

பிரார்த்தனை ஒரு மாதம் கழித்து என் மேஜை முன் வந்து நின்றார். இப்போதெல்லாம் அவர் ஒவ்வொரு டிரிப்புக்கும் இரண்டு தடவை பின்னால் வரை நடக்கிறார். மண்டியிட்டு இருக்கைகளுக்கு அடியிலும் பார்க்கிறார். முழங்காலில் காக்கி வெளுத்துவிட்டது.

"ஜெயில்ல போய்ப் பார்த்தேன் ரைட்டர் சார். 'டேய், என் வண்டிலயும் ரெண்டு பலகைதான்டா. உன் இடத்துல நான் இருந்திருக்கணும்'னேன். 'விடுங்கண்ணே, உங்களுக்கு மூணு பொண்ணு'ங்கிறான். மனசு கேக்காம, 'ஒருதடவை வேண்டிப் பாருடா, நான் மன்னிப்பு கேட்டேன், எனக்குக் கொஞ்சம் லேசாச்சு'ன்னேன்."

"என்ன சொன்னார்?"

"வழக்கமா கிண்டல் பண்ணுவான்ல? பண்ணல. 'உங்கள மன்னிக்க ஒருத்தர் இருக்காருண்ணே. என்னை மன்னிக்க வேண்டியது நாலு வயசுப் பிள்ளை. அதுகிட்ட எப்படிண்ணே போய்க் கேப்பேன்?'னான்."

அவர் அழுதார். நான் டிராயரைத் திறந்து எதையோ தேடுவது போல் பாவனை செய்தேன்.

7

முடிவுகள். வாசகர் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம்.

அ) குழந்தை முன்னால் வந்தவள், ஸ்டியரிங்கில் ஏறி ஹாரனை அழுத்துகிறாள். ஷெட்டே ஓடி வருகிறது. சயின்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். (இதைத்தான் முதலில் எழுதினேன். ஆறு முறை எழுதினேன்.)

ஆ) வியாழக்கிழமை நீதிமன்றத்தில் பிரார்த்தனை எழுந்து நின்று, "என் வண்டியிலும் இரண்டு" என்கிறார். பிறகு ஒவ்வொருவராகப் பதிமூன்று பேரும் எழுகிறார்கள். (இரண்டு பேருக்கு மேல் எழுந்தால் நாடகமாகிவிடும். ஒருவர்கூட எழாவிட்டால் அது வாழ்க்கை.)

இ) கடவுள் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். "பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்கிறார். "பார்த்து?" என்று கேட்கிறார் வக்கீல்.

ஈ) ................................................

நாலாவது உங்களுடையது. கடவுளை நம்பியவர் பேசவில்லை, நம்பாதவர் காட்டிக்கொடுக்கவில்லை. இருவரும் நடக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். முதல் பத்தியில் நான் வாக்களித்த தீர்ப்பு இதுதான்: கேள்வி ஆழமானது, இருதரப்பிலும் நியாயம் இருக்கிறது, மனித மனம்

இன்று புதன்கிழமை. சயின்ஸின் மனைவி காலையில் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

பதினான்கு வண்டிகளுக்கும் இரண்டாவது பலகையை எழுதிக் கொடுத்தவன் நான். டிரைவர்கள் ஸ்பேர் வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எதற்கென்று தெரிந்து நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். அரைப் பக்கம் இன்னும் எழுதவில்லை.