சந்தனமாரியின் மூக்குத்திக் கல்

பேட்டைப் பக்கம் சந்தனமாரியைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அவள் மூக்குத்தியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒற்றைக்கல் வைரம், ஆற்றுப் பாசி மாதிரி ஒரு பச்சை. தாய்வீட்டுச் சீர். புருஷன் செத்தபோதுகூடக் கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடியாய் நின்றவள், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் என்றதும்தான் கழற்றி மருமகள் முத்துராணியிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சிரு தாயி" என்றாள். அவ்வளவு நம்பிக்கை அன்றைக்கு.

முத்துராணியும் லேசுப்பட்டவளா? தகர டப்பாவில் போட்டு, பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியிலேயே கோத்துக்கொண்டாள். மாமியார் வீடு திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆசையாய் டப்பாவைத் திறந்து நீட்டினால், உள்ளே கல் மஞ்சளாகக் கிடக்கிறது.

உலகத்தில் அபூர்வமாய்ச் சில வைரங்கள் அப்படி உண்டு. நாள்கணக்கில் இருட்டில் கிடந்தால் மஞ்சளித்துப் போகும். கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால் பழைய பச்சைக்கே வந்துவிடும். மூக்கிலேயே கிடந்த கல்லுக்கு இருட்டு ஏது? அதனால் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் இந்தச் சங்கதி தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, போங்கள்.

"எங் கல்ல எவகிட்ட வித்த?" என்றாள் சந்தனமாரி.

"சத்தியமா நான் ஒண்ணும் செய்யல அத்த. கடையில கொண்டுபோய்க் காட்டுவோம்."

"எதுக்கு? அங்கன வச்சு இன்னொண்ணு மாத்துததுக்கா?"

எவளுடைய கல்லோ தன் மூக்கில் ஏறாது என்று சொல்லி, அதைச் சாட்சியாகத் தன் இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களிடம், திரை போட்ட அறையில் படுத்தபடியே பையை விரிப்பாள். "பாரு, எங் கல்லா இது?" என்பாள். அவர்கள் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் பை மூடிக்கொள்ளும். பாவி மனுஷி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாசல் வெயிலில் வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

"ஒங் கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றவள் சொன்னபடியே இருந்தாள். மூத்த மகள் சொர்ணாம்பாள் வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். முத்துராணி ஆக்கிய சோறு என்று தெரிந்தால் தட்டு அப்படியே திரும்பி வரும். அவள் புருஷன் இசக்கியப்பன் பட்டறையிலிருந்து வருவான், இரண்டு பக்கமும் பேசாமல் சாப்பிட்டுப் படுப்பான். நீங்களாவது நம்புகிறீர்களா என்று கேட்க முத்துராணிக்கு நா எழவில்லை. அவன் என்ன சொல்லிவிடுவானோ என்று பயம்.

தை மாசம் சந்தனமாரி போய்ச் சேர்ந்தாள்.

சொர்ணாம்பாள் அம்மாவின் சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலை, பாக்கு, மூக்குத்தி எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, முற்றத்துத் துவைகல் மேல் வைத்தாள். அப்போதும் கல் மஞ்சள்தான், எல்லாரும் பார்த்தார்கள். பிறகு, பிணத்தைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து நீர்மாலை எடுத்துவரக் கொட்டுமேளத்தோடு கிளம்பினார்கள். மருமகளும் போகவேண்டிய சடங்கு அது. "நீ வராண்டாம்" என்றுவிட்டாள் சொர்ணாம்பாள்.

முத்துராணி முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயில் தாம்பாளத்தில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லிலிருந்து மஞ்சள் மெல்ல வடிந்து, அந்தப் பாசிப் பச்சை ஏறியது. அவள் விரலால்கூடத் தொடவில்லை. அழுதாள். செத்த வீட்டில் சந்தோஷத்தில் அழுதது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நீர்மாலைக் குடங்கள் வாசலுக்கு வந்ததும் ஓடினாள். "மைனி, வந்து பாருங்க. அத்த கல்லுதான். வெயில் பட்டதும் தன்னால மாறிட்டு."

சொர்ணாம்பாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். "ஆளில்லாத நேரத்துல தன்னால மாறிட்டாக்கும்" என்றாள். கூட நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

முத்துராணி புருஷனைத் தேடினாள். இசக்கியப்பன் ஈர வேட்டியோடு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், பரிவாகத்தான் சொன்னான்.

"விடு. திருப்பி வச்சிட்டேல்லா, போதும். அம்மா உசுரோட இருக்கும்போதே வச்சிருந்தா மனசு குளுந்து போயிருப்பா."

யாரோ அவள் கையில் குடத்தைக் கொடுத்தார்கள். மருமகளும் ஊற்றியாக வேண்டும். முத்துராணி மாமியார் தலையில் தண்ணீரை ஊற்றினாள். இத்தனை மாதத்தில் அவள் கையால் சந்தனமாரி வாங்கிக்கொண்ட தண்ணீர் அதுதான்.