கான்டெசாவில் குந்தப்போறது யாரு

கலைவேந்தன் தன் காரில் எதைச் சேர்த்தாலும் அதன் விலை இறங்கியது. ஏன் என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

வில்லியனூரில் அவன் பட்டறைக்கு வரும் வண்டிகள் எதுவும் அவனை இவ்வளவு நாள் திணறடித்ததில்லை. இன்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் சண்டித்தனம் செய்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் விலை சத்தம் போடுவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

கார், எண்பத்தாறாம் வருஷத்து கான்டெசா. நீண்ட மூக்கு, நாலு உருண்டை ஹெட்லைட், அடர்நீலம். தெருமுனையில் திரும்பினால் முதலில் மூக்கு வரும், கொஞ்சம் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் வரும். பாகூரில் ஒரு ரைஸ் மில்லின் பின்புறம் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதைக் கண்டெடுத்து, ஆறு வருஷம் உழைத்தான். பழைய சிறிய இன்ஜினை எடுத்துவிட்டு, அதே கான்டெசாவின் பிந்தைய மாடலில் வந்த பெரிய இன்ஜினை வைத்தான். அதை ஆர்.சி. புத்தகத்திலும் முறையாகப் பதிவு செய்தான். பிரேக்கை முழுக்கப் புதுப்பித்தான். பவர் ஸ்டியரிங் வைத்தான். ஏ.சி. வைத்தான்.

அப்போது வந்த முதல் ஆள் நாலு லட்சம் கேட்டார். இதுவே நாலு என்றால் கொஞ்சம் சோடித்தால் அஞ்சு ஆகுமே என்று கலைவேந்தன் அவரை அனுப்பிவிட்டான். அகலமான அலாய் வீல் போட்டான். அடுத்து வந்தவர் மூன்று எழுபது என்றார். சீட்டு பழசாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து, பின்பக்கத்து முழுநீள பெஞ்ச் சீட்டைக் கழற்றிவிட்டுத் தோல் உறை போட்ட இரண்டு தனித்தனி சொகுசு நாற்காலிகளும், முன்னால் ஒரு டச் ஸ்கிரீனும் வைத்தான். மூன்று நாற்பது ஆனது. கடைசியாக டிக்கியில் ஒரு ஸ்பாய்லர், அதாவது பந்தயக் காருக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு சிறகு. மூன்று இருபது.

ஒன்றரை லட்சம் உள்ளே போயிருந்தது. எண்பதாயிரம் வெளியே போயிருந்தது.

அவனுக்கு நாலு லட்சம் வேண்டும். பதினாலு வருஷமாக வண்டிகளின் கீழே சிமெண்டுச் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த முதுகு இப்போது காலையில் நிமிர மறுத்தது. விழுப்புரத்தில் மூடப்போகும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் இரட்டைத் தூண் லிஃப்ட் ஒன்று விலைக்கு வந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் கார் ஆளுயரத்துக்கு மேலே போகும், நின்றுகொண்டே வேலை பார்க்கலாம். ஆனால் அதை நிறுத்தத் தடிமனான கான்கிரீட் தரை வேண்டும், கூரையையும் உயர்த்த வேண்டும். எல்லாம் சேர்த்து நாலு. லிஃப்ட்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்றார்.

"மொதல்ல வந்தவருக்கே குடுத்திருக்கலாம்" என்றாள் அவன் மனைவி ஆரோக்கியசெல்வி. அரியூர் மருத்துவக் கல்லூரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"அவரு வேற வண்டி வாங்கிட்டாரு. அத்த வுடு செல்வி. ஏன் எறங்குதுன்னு சொல்லு."

"எனக்கு இன்னா தெரியும்? சரி, ஒரு வண்டியில ராவோட ராவா பேட்டரி எறங்கிப் போவுது. இன்னா பண்ணுவீங்க?"

இதைக் கேட்டால் அவன் தூக்கத்திலும் விளக்குவான். வண்டியை அணைத்த பிறகும் எங்கோ மின்சாரம் கசிகிறது. எந்த வழியில் என்று தெரியாது. அதனால் பேட்டரியில் ஓர் அம்மீட்டரைக் கோர்த்துவிட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது முள் சட்டென்று கீழே விழுகிறதோ, திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான்.

"அப்ப புடுங்குங்க. போட்டதையெல்லாம் ஒண்ணொண்ணா கழட்டிப் பாருங்க" என்றாள் செல்வி.

"கழட்டிட்டு? காரோட சொந்த சாமான் இன்னாத்துக்கு ஆவும்னு ஊரெல்லாம் குடுத்துட்டேனே!"

அதுதான் சிக்கல். கலைவேந்தனிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியிலிருந்து இறக்கியது எதுவானாலும், நன்றாக இருந்தால் யாராவது ஒருவருக்கு உபயோகமாகட்டும் என்று கொடுத்துவிடுவான். கான்டெசாவின் பெஞ்ச் சீட் பூரணாங்குப்பத்தில் அம்சவள்ளியின் டீக்கடைக்குப் போயிருந்தது. இரும்புச் சக்கரங்கள் பனித்திட்டில் மீன் பிடிக்கும் அய்யனாரிடம் போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை காரைக் கட்டைகளின் மேல் நிறுத்திவிட்டு, சொகுசு நாற்காலிகளையும் அலாய் வீல்களையும் இரவல் வாங்கிய குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். பண்டமாற்று என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ள யாருக்குக் கசக்கும்?

அம்சவள்ளிக்குக் கசந்தது.

டீக்கடை வாசலில், நாலு செங்கல் அடுக்குகளின் மேல், கான்டெசாவின் பெஞ்ச் சீட் கம்பீரமாக வீற்றிருந்தது. அதில் மூன்று பேர் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா கலை, குடுத்தத திருப்பிக் கேக்க வந்துட்டியா?"

"சும்மா கேக்கலக்கா. இதப் பாருங்க, தோலு. சாஞ்சிக்கலாம். கைவைக்க இடம். ரெண்டும் சேத்து அறுபதாயிரம்."

அம்சவள்ளி நாற்காலியைச் சுற்றி வந்தாள். விரலால் தட்டினாள். "இதுல எத்தினி பேரு குந்துவான்?"

"ஒருத்தர்தான்."

"சாஞ்சிக்கினா?"

"தூக்கமே வந்துரும்க்கா!"

"அதான் வேணாங்கறேன்." அவள் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "ஒரே ஒருத்தன் குந்தி, ஒரு டீ குடிச்சிட்டு, மத்தியானம் வரைக்கும் தூங்குவான். இந்த பெஞ்சில மூணு பேரு குந்துவான். பேச்சு வளரும். பேச்சு வளந்தா ஆளுக்கு ரெண்டு டீ, ஒரு வடை. அறுபதாயிரம் துட்டு உனக்குப் புடிச்சிப் போட்டது. குந்தப்போறது யாரு?"

பேப்பர் படித்தவர்களில் ஒருவர் சிரித்ததில் டீ சிந்தியது. "அப்டி போடு அம்சா."

கடைசியில் பேரம் இப்படி முடிந்தது: நாலு பேர் உட்காரும் இரும்பு பெஞ்ச் ஒன்றைக் கலைவேந்தன் பட்டறையில் வெல்டிங் செய்து புதன்கிழமைக்குள் கொண்டுவந்து போட வேண்டும். அதுவரை அந்த மூன்று பேரும் கவிழ்த்த பால் கேன்களின் மேல் உட்காருவார்கள். சீட்டை வண்டியில் ஏற்றும்போது பாதிப் பேப்பர் அதன் இடுக்கிலேயே போய்விட்டது.

பனித்திட்டில் கதையே வேறு. அய்யனாரும் கலைவேந்தனும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள். கான்டெசாவின் நாலு சக்கரங்களையும் வைத்து அய்யனார் ஒரு தள்ளுவண்டி செய்திருந்தான். படகிலிருந்து வலையையும் ஐஸ் பெட்டியையும் அதில்தான் கரையேற்றுவான். ஒல்லிச் சக்கரங்கள் மணலில் பாதி புதைந்து நின்றன.

அலாய் வீலைப் பார்த்ததும் அய்யனார் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"மச்சான்! இன்னா அகலம்டா! இத்தப் போட்டா மணல்ல எறங்கவே எறங்காதுடா!"

அவன் சொன்னது சரி. மணல் ஓரளவு பாரத்தைத்தான் தாங்கும். சக்கரம் ஒல்லியாக இருந்தால் மொத்த பாரமும் ஒரு சின்ன இடத்தில் இறங்கி, மணலை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அகலமாக இருந்தால் அதே பாரம் பெரிய இடத்தில் பரவி, மேலேயே உருளும். தார்ச்சாலையில் வெறும் அழகாக இருந்த அகலம், இங்கே ஒரு ஆளின் தள்ளு வேலையை மிச்சப்படுத்தியது. ஒரே காரின் சக்கரங்கள் என்பதால் போல்ட்டு ஓட்டைகள் அப்படியே பொருந்தின. அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். அய்யனார் நிறைந்த ஐஸ் பெட்டியை வைத்து ஒரு கையால் தள்ளிக் காட்டினான்.

"வீல் மூடி நாலு குடுத்தேனே, அது எங்கடா?"

அய்யனாரின் வீட்டில் அவை கருவாட்டுப் பானைகளின் மேல் பளபளத்துக்கொண்டிருந்தன. நாலையும் மீட்க நாலு எவர்சில்வர் தட்டு செலவானது.

திரும்பும் வழியில் பாகூர் ஏரிக்கரை தாண்டும்போது கலைவேந்தன் சொன்னான்.

"ரெண்டுமே நல்ல சாமான் செல்வி. அக்கா வேணாம்னாங்க. அய்யனாரு கையிலேருந்து புடுங்காத கொறை."

"சாமானுக்கு ஏதுங்க நல்லது கெட்டது? குந்தறவங்களுக்கு ஆவணும்."

முள் கீழே விழுந்தது. காரை வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கான்டெசாவை ஓட்டிக்கொண்டுதான் பட்டறைக்குள் நுழைந்தார்கள். அது, தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்த கான்டெசா. எதிரே நின்றதோ, கலைவேந்தன் மனசில் ஓடிய கார். அதைத் தங்கள் காராக மாற்ற எவ்வளவு செலவாகும் என்று அவர்கள் கணக்குப் போட்டு, அதை விலையிலிருந்து கழித்துக்கொண்டார்கள். அலாய் வீலுக்கு முப்பதாயிரம் குறைந்தது அலாய் வீல் மட்டம் என்பதால் அல்ல. இரும்பு வீலைத் தேடிப் பிடித்து வாங்க அவ்வளவு ஆகும் என்பதால்.

புரிந்த வேகத்தில் அவன் கொஞ்சம் அதிகமாகவே புரிந்துகொண்டான். சீட்டும் சக்கரமும் பழையபடி ஏறின. டச் ஸ்கிரீன் இறங்கியது, ஸ்பாய்லர் இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலை செல்வி டிபன் டப்பாவோடு வந்தபோது அவன் பவர் ஸ்டியரிங் பம்ப்பையும் கழற்ற ஆரம்பித்திருந்தான்.

"அது இன்னாத்துக்கு?"

"இதுவும் நான் போட்டதுதானே."

"நாளன்னிக்கு வரேன்னு சொன்னாரே ஹார்டுவேர் கடைக்காரரு, அவரு போன்ல இன்னா கேட்டாரு?"

கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சௌந்தரராஜன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குத் தோள்பட்டை வலி தம்பி. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குமா?"

கலைவேந்தன் ஸ்பானரைக் கீழே வைத்தான். பழைய கார் மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். பழைய கார் மாதிரி வியர்க்கவும், மடக்க முடியாமல் திணறவும், நிற்காமல் போய் முட்டவும் யாரும் ஆசைப்படுவதில்லை. யார் வாங்கினாலும் வேண்டும் என்பதை எதற்குக் கழற்ற வேண்டும்? பம்ப்பை மறுபடி முடுக்கினான்.

புதன்கிழமை இரும்பு பெஞ்ச் பூரணாங்குப்பம் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை சௌந்தரராஜனும் அவர் மனைவி சுலோசனாவும் வந்தார்கள். அவர் காரைச் சுற்றி நடந்தார். வீல் மூடியில் முகம் பார்த்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, நின்ற இடத்திலேயே ஒற்றை விரலால் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அட!"

சுலோசனா பின்சீட்டில் ஏறி, இரண்டு பக்கமும் கையை விரித்து அளந்தார். "பேரப்பசங்க ரெண்டும் நானும் தாராளமா குந்தலாங்க. ஆனா இன்னா, டீக்கடை வாசம் அடிக்குதே?" இடுக்கிலிருந்து ஒரு பாதிப் பேப்பரை உருவினார்.

"கார் கொஞ்ச நாள் வெளியூர் போயிருந்துச்சும்மா" என்றான் கலைவேந்தன். செல்வி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஜின், பிரேக், ஏ.சி. வேலைக்கான பில்களையும் ஆர்.சி. நகலையும் செல்வி ஒரு ஃபைலில் அடுக்கித் தந்திருந்தாள். வியாபாரியான சௌந்தரராஜன் அதைத்தான் காரைவிட நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு டிக்கி பக்கம் போனார். ஸ்பாய்லரை முடுக்குவதற்காகக் கலைவேந்தன் துளைத்த இரண்டு ஓட்டைகள் அங்கே இருந்தன. ஒன்றில் சுண்டுவிரலை விட்டு ஆட்டினார்.

"இது இன்னா தம்பி?"

"நான் செஞ்ச தப்புங்க."

"நாலு அறுபது சொல்லணும்னு வந்தேன். இந்த ஓட்டைய அடைச்சி பெயிண்ட் அடிக்கப் பத்து ஆவும். நாலு அம்பது. சரின்னா முன்பணம் இப்பவே தரேன்."

சரி என்று சொல்வதற்குள் செல்வி தலையாட்டிவிட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, கலைவேந்தன் அந்த முன்பணத்தோடு காலையிலேயே விழுப்புரத்தில் இருந்தான். சொகுசு நாற்காலிகளைக் கடலூரில் வேன் கட்டுகிறவர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். டச் ஸ்கிரீன் ஒரு டாக்சிக்குப் போனது. ஸ்பாய்லரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கூரை உயர்ந்து, கான்கிரீட் இறுகி, லிஃப்ட்டில் ஏறிய முதல் வண்டி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தையலம்மாளின் பழைய பத்மினி. அவர் அண்ணாந்து தன் காரின் அடிவயிற்றை ஆச்சரியமாகப் பார்த்தார். அதன் கீழே கலைவேந்தன் நேராக நின்றுகொண்டிருந்தான்.

"கலை, இதை விக்கலாம்னு இருக்கேன். அலாய் வீல், நல்ல சீட்டு எல்லாம் போட்டுட்டா விலை ஏறுமாப்பா?"

"ஏறாது டீச்சர். பிரேக்கு, கூலிங், ஸ்டியரிங்குனு யாரு ஓட்டுனாலும் வேணுங்கறத மட்டும் செய்யலாம், பில்லு எடுத்து வைங்க. காரோட சொந்த சாமான் எதையும் யாருக்கும் குடுக்காதீங்க. நீங்க ஆசைக்குப் போட்டது ஏதாவது இருந்தா, விக்கறதுக்கு முன்னாடி கழட்டி, அந்த ஆசை இருக்கறவனுக்குத் தனியா வித்துடுங்க. பழசையே திருப்பி மாட்டிக் காருக்கு வெலை சொல்லுங்க. பாடியில மட்டும் ஓட்டை போடாதீங்க."