காகிதக் கதவு வீட்டைப் பார்க்கப் போனோம்

அந்த வீட்டைக் கண்டுபிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது ஒருவருக்கும் அது நினைவில் இல்லை.

ஜெர்மனியில் எங்கள் பான் நகரிலிருந்து ஒரு மணி நேரம், ஐஃபெல் மலைப்பக்கம் ஒரு கிராமம். வைட்னர் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஜப்பானில் விழ இருந்த நூறு வயது வீடொன்றைப் பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து, பதினொரு வருடம் பாடுபட்டுத் திருத்திக் கட்டியிருந்தார். இப்போது அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. தரையில் இருந்தால் எழும்ப முடிவதில்லை, அதனால் விற்கிறார். வீட்டைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கே கொடுப்பேன் என்று எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். விளம்பரத்தில் படத்தைப் பார்த்த அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்த வீடு எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ" என்று கணவர் கிருபனிடம் சத்தியம் வாங்கினேன். சனிக்கிழமை காருக்குப் போனால், பின் இருக்கையில் அவருடைய தமக்கை கொறற்றி அக்கா சோற்றுப் பார்சலோடு இருக்கிறார்.

"அக்காவுக்கு மட்டும்தான் சொன்னனான்" என்றார் கிருபன்.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே அக்கா தொடங்கிவிட்டார். "இதென்ன கோதாரி, கதவெல்லாம் கடுதாசி! கட்டில் இல்லை, கதிரை இல்லை. இதுக்குள்ள மனுசர் இருக்க ஏலுமோ?"

அக்கா வீட்டைப் புகழ்கிறார் என்று வைட்னருக்குப் பச்சைப் பொய் சொன்னேன்.

வைட்னர் எங்களைப் பாயில் இருத்தித் தேநீர் தந்தார். நான் ஜப்பானிய வீடுகளைப் பற்றிப் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். மனிதர் குளிர்ந்துபோய், வீட்டை எழுத நோட்டாரிடம் நாள் எடுக்கலாமே என்கிற அளவுக்கு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கிருபன் எழும்பினார். கால் விறைத்திருந்தது. தள்ளாடிச் சரிந்து, காகிதக் கதவுக்குள் தோள்வரை போய்விட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வைட்னர் வெளிறிப்போனார். மூன்று மணிக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு தம்பதி வீடு பார்க்க வருகிறார்கள். காகிதம் இருக்கிறது, பசை முடிந்துவிட்டது, ஜப்பானிலிருந்து வர மூன்று கிழமை ஆகும் என்றார்.

"பசைக்கோ இவ்வளவு கவலை?" என்று அக்கா பார்சலை அவிழ்த்தார். கறி படாத மூலையில் ஒரு பிடி சோறு எடுத்து, தண்ணீர் தெளித்து, கூழாக மசித்தார். நத்தாருக்கு நத்தார் யேசு பாலன் குடில் ஒட்டுகிற கை அது. கிழிந்த காகிதத்தை உரித்துப் புதியதை ஒட்டியபோது ஒரு சுருக்கமும் இல்லை.

வைட்னர் அந்தக் கையையே பார்த்தார். அவர் கப்பலில் வரவழைத்ததும் அரிசிப் பசைதானாம். அக்காவிடமே ஜெர்மனில் கேட்டார்: "அம்மா, இந்த வீட்டை நீங்கள் வாங்குகிறீர்களா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. வந்ததிலிருந்து குறை சொன்ன மனுசி, கட்டாயம் மறுப்பார்.

அக்கா தோட்டத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"யா" என்று ஜெர்மனிலேயே சம்மதம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜசிந்தா, ஆசையா இருந்தா ஞாயிற்றுக்கிழமையில வந்து போ, என்ன?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. கிருபனோடு மூன்று மாதம்.

ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. ஞாயிறு தோறும் போய், அந்த நடு அறையில் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்காரியாக இருக்கிறேன், அக்கா தும்புத்தடியோடு வந்து "எழும்பு பிள்ளை, கூட்டவேணும்" என்று சொல்லும் வரைக்கும்.