மீனுக்கு நெய்த பட்டு

பரமசிவத்தின் பட்டுக்கடையில் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் இம்ரான் குனிந்து உள்ளே போனான். மீன்தொட்டியில் கசிவு என்று நினைத்து பையில் சிலிகான் பசையெல்லாம் எடுத்து வந்திருந்தான். தரையோ காய்ந்து கிடந்தது. வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில், திண்டைக் கட்டிக்கொண்டு பரமசிவம் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். விற்பனைக்கு நிற்கும் காவேரி, நேற்று விரித்துப்போட்ட அரக்குப் புடவைகளை மனமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூடிய கழட்டு பாய்" என்றார் பரமசிவம்.

"மருந்து வுடணுமா மொதலாளி?"

"கழட்டிட்டுப் போ. அவ்ளோதான்."

அவர் மகன் லோகேஷ் ஏனாத்தூர் காலேஜுக்குப் போகும் வழியில் லாரியில் அடிபட்டு, சென்னை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பது ஊருக்கே தெரியும். அதற்கும் மீன்தொட்டி மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று இம்ரானுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது பையைக் கீழே வைத்தான்.

அது அரோவானா. முழங்கை நீளத்தைத் தாண்டி வளர்ந்துவிட்ட மீன். அதன் பிறவிக் குணமே குதிப்பதுதான். காட்டாற்றில், தாழ்ந்த கிளையில் இருக்கும் பூச்சியை எம்பிக் கவ்வித் தின்கிற ஜாதி. நம் ஜனங்கள் அதை வாங்கி, தொட்டிமேல் கண்ணாடி போட்டு, கண்ணாடிமேல் கல்லையும் வைத்துவிட்டு, மீன் ஏன் சோர்ந்துபோகிறது என்று கேட்பார்கள். இம்ரான் கடையிலேயே அது முட்டி முட்டித் தாடை கிழிந்தது. ஒருநாள் காலையில் கடை திறந்தபோது சிமெண்டுத் தரையில் கிடந்தது, மேலே எறும்பு. தண்ணீரில் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தித்தான் மூச்சை வரவழைத்தான். அதற்குப் பிறகு, இது அடிபடாமல் குதிக்கிற மாதிரி ஒரு தொட்டி கட்ட வேண்டும் என்பது அவனுக்குப் பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது.

அவ்வளவு உயரக் கூரை பரமசிவத்தின் கடையில்தான் இருந்தது. அவருக்கே மீனை விற்று, தொட்டியையும் அங்கே கட்டினான். தண்ணீருக்கு மேலே நெஞ்சு உயரத்துக்கு வெறும் கண்ணாடிச் சுவர், தலையில் இடிக்கக் குறுக்குச் சட்டம் எதுவும் கிடையாது. உச்சியில் மூடியாக, தொய்வாக ஒரு வலை. முட்டினால் வலை நெகிழ்ந்து கொடுக்கும், மீன் வழுக்கித் தண்ணீரில் விழும். நைலான் வலை செதிலை உரித்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டும் சங்கீதாவிடம் போய்ப் பட்டு இழையில் முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னான். "மீனுக்குப் பட்டா! எங்கிட்டயே ஒண்ணு கெடையாதுபா" என்று சிரித்தாள். ஆனால் செய்து கொடுத்தாள். கடைப் பையன்கள் சும்மா சும்மா திறக்கக்கூடாதென்று வலைச்சட்டத்துக்குத் தனிச் சாவி போட்டு முடுக்கினான். சாவி அவனிடம் மட்டும்தான்.

முதலில் மீன் பாதிதான் எம்பியது, பயம். போகப் போக, மேலே வலிக்காது என்று அதற்குப் புரிந்தது. பிறகு ஒரே பாய்ச்சல்தான். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் புடவையை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். பெற்றவனுக்கு வருகிற கர்வம் இம்ரானுக்கு வந்தது.

"கழட்டினா வெளிய வந்து வுழுந்துடும் மொதலாளி. செத்துடும்."

"அதுக்குத்தான்பா. நீதானே சொன்ன, ஊட்டுக்கு வர்ற கெடுதல அது வாங்கிக்கும்னு."

சொன்னதுதான். எல்லோரிடமும் சொல்வான். ஒரு விரல் நீளக் குப்பி மீனுக்குக்கூட அதையே சொல்லித்தான் விற்பான்.

"அது யாவாரப் பேச்சு மொதலாளி. பொய்யி."

"எம் புள்ள கண்ணு தொறக்கல. இப்ப வந்து பொய்யின்றியா?" பரமசிவத்தின் குரல் உடைந்தது. "நானே அடிச்சுப் போட்டிருப்பேன். நாம கொல்லக்கூடாதாம், அதுவா போவணுமாம். உம் பொண்ணு ஆஷிஃபா அங்க படுத்துக்கினு இருந்தா, மீன் மூஞ்சியப் பாத்துக்கினு நிப்பியா?"

இம்ரான் பையிலிருந்து சாவியை எடுத்தான். மாட்டேன் என்று போய், பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மீனைப் பிடித்துவைத்துப் பிள்ளையைக் கொன்ற பாய் என்றுதான் இந்த ஊர் பேசும். பையனைப் பற்றி நினைக்கும் முன்பே அந்த நினைப்பு வந்ததில் அவனுக்கே கூசியது. ஏணியில் ஏறினான். கழன்ற வலையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. இன்றைக்கு மட்டும் குதிக்காதே என்று வேண்டிக்கொண்டே இறங்கினான்.

பரமசிவம் எழுந்து, மீன் தீனி டப்பாவிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை எடுத்து, சரிகை இழையில் கட்டிக் குச்சியில் தொங்கவிட்டார். அதுவாகப் போக வேண்டும் என்றவர்தான். குச்சியைக் கண்ணாடி விளிம்புக்கு மேலே ஆட்டினார். மீன் அடியில் போய் ஒரு சுற்றுச் சுற்றி, எப்போதும்போல முழு நம்பிக்கையோடு எம்பியது. திருப்பி அனுப்ப மேலே ஒன்றும் இல்லை. விளிம்பைத் தாண்டி மெத்தையில், அரக்குப் புடவைமேல் விழுந்தது. காவேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் அடித்தது. பரமசிவத்தின் மனைவி கிருஷ்ணவேணி. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"ஏங்க, கண்ண தொறந்துட்டான்! தண்ணி கேட்டான், வாயத் தொறந்து தண்ணி கேட்டான்!"

பரமசிவம் அப்படியே உட்கார்ந்து அழுதார். இம்ரானுக்கும் கண் நிறைந்துவிட்டது. துண்டைத் தொட்டியில் நனைத்துக்கொண்டு பாய்ந்து மண்டியிட்டான். செவுள் திறந்து திறந்து மூடியது.

"அதான் முழிச்சுக்கினான்ல மொதலாளி. இதுக்கும் உசுரு இருக்குது. உள்ள வுட்டுடறேன்."

அழுதுகொண்டே பரமசிவம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி.

"தொடாத. பாதியில தூக்கி வுட்டா, அது வாங்கின கெடுதல் திரும்பி அவன்கிட்டயே போயிடும்."

"மொதலாளி…"

"ஏங்க, மீனு என்னாச்சு?" போனில் கிருஷ்ணவேணி கேட்டாள்.

"போய்க்கினு இருக்குது" என்றார்.

துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் விரிப்பில் ஊறியது. மீன் உடம்பை வில்லாக வளைத்து ஒரு சாண் எம்பியது. மெத்தை அதை அடிபடாமல் வாங்கிக்கொண்டது. மறுபடியும் எம்பியது.