முப்பது பிள்ளைகள் வளராமல் நின்ற மூன்று வருடம்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் தோட்டத்தின் மேமலைப் பிரிவில், பெற்றோலுக்கு வரிசை நின்ற வருடத்தின் ஆவணி மாதத்திலிருந்து மூன்று வருடங்களுக்கு, முப்பது பிள்ளைகள் ஒரு நூல் அளவுகூட உயரவில்லை. பால்பற்கள் விழவில்லை. தலைமுடி மட்டும் வளர்ந்தது, அதனால் சலூன்காரருக்கு நட்டமில்லை. படிப்பும் வாயும் வயதுக்கேற்ப வளர்ந்தன. இரண்டாம் வகுப்பு உடம்போடு ஐந்தாம் வகுப்புக்குப் போனவர்கள், மேசைக்கு மேலே கண் மட்டும் தெரியப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். இரண்டு பேர் பாஸும் பண்ணினார்கள். முதல் வருடம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோதுமை மாவு விற்ற விலைக்குப் பிள்ளைகள் வளர்ந்தால்தான் ஆச்சரியம் என்றார்கள். மாதாமாதம் நிறுக்க வரும் மிட்வைஃப் ஜீவராணி, சத்துக் குறைவு என்று எழுதித் திரிபோஷ சத்துமாப் பைக்கற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சப்பாத்து விலை மூன்று மடங்கான நேரத்தில் பழைய சப்பாத்தே காலுக்குச் சரியாக இருந்ததால், சில தாய்மார் மாரியம்மனுக்கு ரகசியமாக ஒரு சூடம் கொளுத்தினார்கள் என்றும் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பிரிவில் முப்பத்தோராவது பிள்ளை ஒன்றும் இருந்தது. தனுஜா என்று பெயர். அவள் மட்டும் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போல வளர்ந்தாள். அவளுடைய அம்மா சண்முகவடிவுக்கு மட்டுமே ஏன் என்று தெரியும்.

சண்முகவடிவு புள்ளக்காம்பராவின் ஆயாம்மா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். பாலூட்டுவது தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொள்வாள். புருஷன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருந்தான். மேமலையில் சூழல் சங்கம் என்று ஒன்று இருந்ததற்கும் அவள்தான் காரணம். லயத்து வீட்டு வரிசைக்குத் தண்ணீர் விழும் பீலி நூலாகிப்போன காலத்தில், வீடு வீடாக ஏறி இறங்கிச் சங்கம் சேர்த்தாள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஆற்றில் இறங்கி ஷொப்பிங் பைகளைப் பொறுக்க வைத்தாள். பொலித்தீன் என்றால் அவளுக்கு ஆகாது. தோட்டத் தலைவர் கந்தப்பன் ஆற்றில் எறிந்த பை ஒன்றை எடுத்துக் கழுவி, காயவைத்து, நாலாக மடித்து, நாலு பேர் பார்க்க அவர் வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தவள். மனுஷன் அதற்கப்புறம் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார், திருந்தியும் போனார். இப்படிப்பட்ட வாய்க்காரி செய்த காரியம் என்பதால்தான் இதை எழுதவே கை கூசுகிறது.

பீலிக்கு மேலே ஊற்றைச் சுற்றி மரம் நட்டால் தண்ணீர் தங்கும் என்று சங்கம் தீர்மானித்தது. டவுனிலிருந்த ஒரு அலுவலகம் நாவல் கன்றுகள் தர ஒப்புக்கொண்டது. பத்து வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பேரிலும் ஒரு கன்று, பெற்றவர்கள் பிள்ளையைப் பார்ப்பதுபோல அதையும் பார்ப்பார்கள் என்று யோசனை சொன்னதும் சண்முகவடிவுதான். கந்தப்பன் தகரம் வெட்டி முப்பத்தொரு பேரையும் பெயின்ற்றில் எழுதினார். சனம் முழுக்கச் சேர்ந்து சிரமதானத்தில் குழி வெட்டியது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அலுவலக ஐயாமார் வருவார்கள். அதற்குள் கன்று குழியில் நிற்க வேண்டும், பிள்ளைகள் ஒரு கை மண் போட்டு ஒரு கப் தண்ணீர் ஊற்றினால் போதும், போட்டோ எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. கன்றுகளைக் கொண்டுவந்த லொறி சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் வந்தது. மழையும் கூடவே வந்தது. உதவிக்கு வந்த பெண்களை, "நீங்க போயி ஒலையப் பாருங்க, நானே நட்டுர்றேன்" என்று அவள் அனுப்பிவிட்டாள். நாளைக்கு எல்லாரும் பார்க்கப்போவது தன் கையால் நட்ட கன்றாக இருக்கட்டும் என்ற சின்ன ஆசை. அது ஒன்றும் பெரிய குற்றமில்லை.

முதலில் தனுஜாவின் கன்றை எடுத்தாள். பொலித்தீன் பையைக் கத்தியால் நெடுகக் கீறி, மண் சிதறாமல் உரித்து, வேரை விரித்துப் பக்குவமாக நட்டாள். இரண்டாவது கன்றின் பையைக் கீறியபோது, மழையில் ஊறிய மண் பொலபொலவென்று கொட்டிப்போய்க் கன்று தலையைத் தொங்கப் போட்டது. அதோடு சேர்த்து இன்னும் முப்பது இருந்தன. நாளைக் காலையில் முப்பதும் இப்படித் துவண்டு நின்றால் போட்டோவில் என்ன தெரியும்? கொட்டிய மண்ணை அள்ளி ஒரு பழைய பைக்குள் அடைத்து அந்தக் கன்றை நிமிர்த்தினாள். மீதியைப் பையோடேயே குழியில் இறக்கி, பை தெரியாமல் மண்ணை மூடினாள். போட்டோ முடியட்டும், அடுத்த ஞாயிறு வந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு சேர்ட்டிபிகற் வந்தது. கந்தப்பனே ஆணியடித்துப் புள்ளக்காம்பராச் சுவரில் மாட்டினார். இனிக் கன்றைப் பிடுங்கினால் ஏன், எதற்கு என்று லயமே கூடும். வேர் தானாகப் பையைக் கிழித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேர் கிழிக்கவில்லை. முப்பது கன்றும் வாடவுமில்லை, துளிர்க்கவுமில்லை. நட்ட அன்று இருந்த இலையோடு அப்படியே நின்றன. ஒன்றரை வருடம் கழிந்து, ஜீவராணி வளர்ச்சி அட்டைகளை மேசையில் பரப்பி, "இதப் பாருங்க வடிவு, எல்லாப் புள்ளைக்கும் கோடு தண்டவாளம் மாதிரி நேரா போகுது" என்று காட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் வாயைத் திறந்திருக்கலாம். "சத்தில்லாம இருக்கும் மிஸ்" என்றாள்.

பிள்ளைகளுக்கு வேறொரு குறையும் இருந்தது. வெறுங்காலோடு நிற்கும்போதே கால் இறுக்குகிறது என்பார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால், போடவே இல்லையே என்பார்கள். கொழுந்து பறிக்கும் பிரியந்தியின் மகள் பூரணிதான் எல்லாரிலும் சின்னவள். கன்று நட்டபோது பதினொரு மாதம். நான்காவது வயதை நெருங்கும்போதும் அதே பதினொரு மாத உடம்புதான். தவழ்வாள், நடக்கமாட்டாள். ஆனால் நாக்கு நாலு வயசு நாக்கு. தொட்டில் சேலைக்குள் படுத்துக்கொண்டு பெரிய மனுஷிபோல நியாயம் பேசுவாள். தினமும் காலையில் சண்முகவடிவு அவளை வாங்கித் தரையில் இறக்கியதும், "இறுக்குது ஆயாம்மா, கழட்டி வுடுங்க" என்பாள். சண்முகவடிவு அந்தச் சின்னப் பாதங்களைத் தேய்த்துவிடுவாள். அதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் எத்தனை நாள் காலையில் அவள் தேய்த்துவிட்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அவளைக் கொன்றது ஊராரின் மரியாதைதான். தனுஜாவின் நாவல் மரம் லயத்துக் கூரை உயரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. அந்த மரத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஏதோ அருள் இருக்கிறது என்று கந்தப்பன் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமைகளில் தாய்மார் வளராத பிள்ளைகளைத் தூக்கிவந்து மரத்தடியில் நிறுத்தினார்கள். கிளையில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். நட்ட கை ராசியான கை என்று சண்முகவடிவையே திருநீறு பூசிவிடச் சொன்னார்கள். அவளும் பூசினாள். முப்பது நெற்றியிலும் பூசினாள். ஒவ்வொரு நெற்றியைத் தொடும்போதும் விரல் நுனி தீயில் பட்டதுபோல இருந்தது. அதையும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பூசினாள். தனுஜா அந்த நேரங்களில் லயத்துக்குள்ளேயே இருந்துகொள்வாள். தன்னோடு விளையாடியவர்களின் தலை தன் தோளுக்கு இறங்கியதிலிருந்து அவள் குனிந்துதான் நடந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளை ஒட்டடைக்கம்பு என்று கூப்பிட்டார்கள்.

மூன்றாம் வருடம் ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் மலையில் இருந்த நேரத்தில், சண்முகவடிவு பிள்ளைகளைச் சமையல்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஒரு கத்தியோடு ஊற்றுக்குப் போனாள். எல்லாவற்றையும் ஒளிவாகவே முடித்துவிடுவது என்று திட்டம். வெள்ளிக்கு ஒன்றாக எடுத்தாலும் முப்பது வெள்ளியில் வேலை தீர்ந்துவிடும், ஒரு காக்கா குஞ்சுக்கும் தெரியாது. பூரணியின் கன்றைத் தோண்டினாள். பைக்குள்ளே வேர் வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, பையின் உருவத்திலேயே இறுகிக் கிடந்தது. பையைக் கீறி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வேரை விரலால் பிரித்து, மறுபடி நட்டுவிட்டுத் திரும்பினாள். புள்ளக்காம்பரா வாசலுக்கு வந்தபோது பூரணி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கயிற்றை விட்டாள். நாலு அடி நடந்து வந்து அவள் சேலையைப் பிடித்தாள். "இப்ப இறுக்கல" என்றாள்.

பின்னேரம் கூடையோடு வந்த பிரியந்தி, மகள் நடப்பதைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையைத் தூக்காமல், சண்முகவடிவின் காலில் விழுந்தாள். மழைச் சேறு அப்பிய கால். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அக்கா, ஒங்க கைதான்க்கா, ஒங்க திருநீறுதான்க்கா" என்று அழுதாள். பின்னால் வந்த தாய்மாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். எங்க புள்ளைக்கும் பூசுங்க, எங்க புள்ளைக்கு மொதல்ல பூசுங்க என்று ஒரே சத்தம். சும்மா நின்றிருந்தால் போதும். வருடம் முடிவதற்குள் அவளுக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். அவள் பிரியந்தியைத் தூக்கக் குனிந்தாள். அவளும் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"திருநீறு இல்ல பிரியந்தி. பையோட நட்டுட்டேன். எல்லாப் புள்ளையோடதும். இன்னைக்கு ஒம் மகளோடத மட்டும் எடுத்தேன்."

நாலாக மடித்து வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்ட பையை ஒரு காலத்தில் வாங்கிய கந்தப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்து அந்த நைந்த பையைப் பார்த்தார். பிரியந்திதான் கேட்டாள், மெதுவாக, விலை விசாரிப்பதுபோல.

"தனுஜாவோடதுல?"

"அதுல எடுத்துட்டேன்."

"தெரிஞ்சு எத்தன நாளுக்கா?"

"ஒன்றர வருசம்."

யாரும் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கூட்டத்துக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்தபடி தனுஜா நின்றிருந்தாள். சண்முகவடிவு அப்போதுதான் அவளைப் பார்த்தாள். பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து நின்று அம்மாவைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேமலையே மண்வெட்டியோடு ஊற்றுக்குப் போனது. சண்முகவடிவை யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் போய் ஓரமாக நின்றாள். ஒருத்தர் உரித்துப் போட்ட பையை இன்னொருத்தர் அவளிடம் நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் இருபத்தொன்பது பைகள் அவள் மடியில் சேர்ந்தன. திங்கட்கிழமை தாய்மார் வழக்கம்போலக் குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடமே விட்டார்கள். வேறு எங்கே விடுவது? முன்பு அக்கா என்று கூப்பிட்டவர்கள் ஆயாம்மா என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகள் அந்தக் கிழமையே வளரத் தொடங்கினார்கள். முன்பற்கள் ஆடின. ஆனால் விட்ட இடத்திலிருந்துதான் வளர்ந்தார்கள். போன மூன்று வருடத்தை யாருடைய வேரும் திருப்பித் தரவில்லை. நாவல் கன்றுகளும் அப்படித்தான், ஒன்றொன்றாகத் துளிர்விட்டு மெதுவாக மேலே வந்தன. பீலியில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு விழுகிறது.

தனுஜா அந்த ஞாயிற்றுக்கிழமையோடு வளராமல் நின்றுவிட்டாள். முதல் மாதம் ஜீவராணி அளவுகோல் பிசகோ என்று பார்த்தார். இரண்டாம் மாதம் சண்முகவடிவு கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மகளின் மரத்தடியைத் தோண்டிப் பார்த்தாள்; யாரோ ஆத்திரத்தில் வேரைக் கட்டிவைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். வேர் நன்றாகத்தான் ஓடியிருந்தது. வீட்டுக்கு வந்து மகளை உலுக்கினாள், கெஞ்சினாள், தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். தனுஜா பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுங்க என் ஒசரத்துக்கு வரட்டும்மா. அப்பறம் வளர்றேன்."

இதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கத் தெரியாதவள் இல்லை சண்முகவடிவு. மேமலைக்காரர்களும் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிள்ளை நின்றிருக்கிறது, நேரம் வந்தால் வளரும் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் மரத்தடிக்கு யாரும் வருவதில்லை. மாதாமாதம் நிறுக்கும் நாளில் தனுஜா மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் வந்து சுவரோடு ஒட்டி, முதுகு நிமிர்த்தி நிற்கிறாள். அம்மாதான் தலையில் அட்டையை வைத்து அளவைச் சொல்ல வேண்டும். சொல்கிறாள், போன மாதம் சொன்ன அதே அளவை. ஜீவராணி வளர்ச்சி அட்டையில் கோட்டை நேராக இழுக்கிறார். சண்முகவடிவு மகளின் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.