கடைமடைக் குழாய்

வைகாசி பிறந்ததிலிருந்து சிவசைலத்தின் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலிழையாகத்தான் வந்துகொண்டிருந்தது. வந்த தண்ணீரும் செம்மண்ணைக் கரைத்தாற்போல் இருந்தது. குற்றாலத்தில் குடியிருப்பவர்கள் சிவந்த தண்ணீரைக் கண்டு கலங்குவதில்லை. மலையில் புதுமழை இறங்கினால் அருவியே அந்த நிறத்தில்தான் விழும். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஆனால் அவ்வாண்டு மலையில் இன்னும் மழை இறங்கவில்லை. அருவி பாறையைத் தடவிக்கொண்டு வடிந்தது. மழையில்லாமல் தண்ணீர் எப்படிச் சிவக்கும் என்று சிவசைலத்தின் மனைவி பிச்சம்மாள் கேட்டாள். அவருடைய கண் பக்கத்து வளவின்மேல் இருந்தது.

வீடும் தோட்டமுமான அந்தப் பக்கத்து வளவு அவருடைய பெரியப்பாவின் மகன் குற்றாலிங்கத்தினுடையது. மேட்டுப் பாறையிடுக்கில் ஊறுகின்ற தண்ணீரைக் கல்தொட்டியில் தேக்கி, இரும்புக் குழாய் வழியாக இரண்டு வீடுகளுக்கும் கொண்டுவந்தவர்கள் அவ்விருவருடைய தந்தையர். குழாய் முதலில் குற்றாலிங்கத்தின் தோட்டத்துக்குள் புகுந்து, அவர் வீட்டுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு, பின்னர் மதிலைக் கடந்து சிவசைலத்தின் வீட்டில் வந்து முடியும். வயலில் சொல்லுவதைப்போலச் சொன்னால், குற்றாலிங்கம் தலைமடை, சிவசைலம் கடைமடை. கடைமடைக்காரன் தண்ணீர் குறைந்தால் வானத்தைப் பார்ப்பதில்லை. தலைமடைக்காரனின் முகத்தைத்தான் பார்ப்பான். அப்பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது தாய்ப்பாலோடு ஊறிய குணம்.

ஒருநாள் காலையில் குற்றாலிங்கமே படியேறி வந்தார்.

“ஏலே சிவசைலம், பைப்பு பூராவும் செத்துப்போச்சுலே. நம்ம அப்பாமாரு போட்ட இரும்பு, எம்புட்டுக் காலந்தான் உழைக்கும்? தோண்டி எடுத்துட்டுப் புதுசாப் போட்டுருவோம். சாமான் நான் வாங்கிப்போடுதேன். மண்வேலைக்கு நீ ஆள் விடு.”

யோசித்துச் சொல்லுவதாகச் சிவசைலம் கூறினார்.

“தண்ணி நின்னுபோச்சுன்னா யோசனையையா குடிப்ப?” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அல்லவா இருக்கிறது என்று சிவசைலம் எண்ணினார். தலைமடைக்காரருக்குத் தண்ணீர் குறையில்லை. அப்படியிருக்க, சாமானைத் தாமே வாங்கிப்போட முன்வருவானேன்? தந்தையர் செய்துகொண்டது வாய்ச்சொல் ஏற்பாடு. அண்ணன் நிலத்தின் வழியே தம்பி வீட்டுக்குத் தண்ணீர் வரலாம் என்பதற்கு, மண்ணுக்குள் கிடக்கும் அந்த இரும்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதைத் தோண்டி எடுத்த மறுநாள், ‘இங்கே குழாய் இருந்ததா? எனக்குத் தெரியாதே’ என்று குற்றாலிங்கம் கையை விரித்தால் எந்த வாசலில் போய் நிற்பது? போதாக்குறைக்கு, முந்தின வாரம் புளியறைக்கு அப்பால் மலையாளப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்து அந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். நிலத்தை விற்க நினைப்பவனுக்கு அடுத்தவன் குழாய் அதில் கிடப்பது வில்லங்கமல்லவா?

“பலாப்பழ யாவாரியில்லா அந்த ஆளு. மரத்தை அண்ணாந்து அண்ணாந்து பாத்தான்னு நீங்கதான சொன்னிய?” என்றாள் பிச்சம்மாள்.

“பழத்தைப் பாக்க வந்தவன் வேலியோரத்தை ஏன் காலால அளக்கணும்?”

“அளந்தானா, நடந்தானா?”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு அவளுடைய கவலை. சாரல் தொடங்கியதும் சிவகிரியிலிருந்து ஒரு குடும்பம் ஆண்டுதோறும் வந்து அவர்கள் வீட்டின் முன்பாதியில் வாடகைக்குத் தங்குவது வழக்கம். குழாயில் தண்ணீர் இல்லாத வீட்டில் யார் தங்குவார்கள்?

குழாய் வேலை செய்யும் யாக்கூப் தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தான். மதிலோரத்தில் ஓரிடத்தைத் தோண்டி, குழாயைச் சுத்தியலால் தட்டினான். துரு மரப்பட்டை போல உரிந்து விழுந்தது. சிவசைலம் குனிந்து பார்த்துவிட்டு, பழையது கிடக்கட்டும், அதன் பக்கத்திலேயே புதியதைப் போட்டுவிடு என்றார். அவருடைய நிபந்தனை அதுதான்.

“எங்கன போட, அண்ணாச்சி? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் மதில் அஸ்திவாரம். நடுவுல பழசு படுத்துக் கெடக்கு. அது எந்திரிச்சாத்தான் புதுசு படுக்க முடியும்.”

வேலையைப் பார்க்க வந்து நின்ற குற்றாலிங்கம் சிரித்தார், யாக்கூபும் சிரித்தான். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தது சிவசைலத்துக்குப் பிடிக்கவில்லை. சற்று நேரத்தில் யாக்கூப் அண்ணன் வீட்டுக் கொல்லையில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்ததையும் அவர் கண்டார். தம் வீட்டில் அவனுக்கு ஒருவாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

அன்று அவர் கண்ணில் பட்டது மற்றொன்று. கோடையின் வறட்சியில் அக்கம்பக்கத்துப் பலாமரங்களெல்லாம் பிஞ்சை உதிர்த்துவிட்டு நின்றன. குற்றாலிங்கத்தின் தோட்டத்தில், குழாய் செல்லும் வழியில் நின்ற பலா மட்டும் அடிமரம் தொட்டுக் காய்த்துக் குலுங்கியது. தண்ணீர் எங்கே போகிறது என்பது சிவசைலத்துக்கு விளங்கிவிட்டது. அண்ணன் மண்ணுக்கடியில் களவாக ஒரு கிளைக்குழாய் வைத்து மரம் வளர்க்கிறார். தோண்டி எடுக்கத் துடிப்பதும் அந்தக் களவை மறைக்கத்தான்.

இதை மெய்ப்பிக்க, தொட்டியில் சாயம் கரைத்து அது எங்கே கசிகிறது என்று பார்க்க அவர் ஒரு வழி கண்டார். தென்காசியில் தறி வைத்திருந்த ஒலி முகம்மது அவருடைய பால்ய நண்பர். சிவப்பைக் கரைத்தால் துருவென்றோ மலைத்தண்ணீரென்றோ சொல்லித் தப்பிவிடலாம். நீலத்துக்கு எவனும் சாக்குச் சொல்ல முடியாது. நூலுக்குப் போடுகிற நீலச்சாயம் வேண்டுமென்று நண்பரிடம் கேட்டார்.

“என்னத்துக்கு, அண்ணாச்சி? வேட்டிக்குச் சாயம் போடப்போறியளா?”

தண்ணீரில் கரைத்து ஒரு சோதனை பார்க்கவேண்டும் என்றார் சிவசைலம்.

“அப்பன்னா நகக்கண் அளவு போதும். கூடிட்டுன்னா நான் பொறுப்பில்ல.”

சாயக்காரன் சாயத்தைக் குறைத்துத்தான் சொல்லுவான் என்று சிவசைலம் எண்ணிக்கொண்டார். நண்பரின் பேச்சையும் நம்பாமல் ஒரு பொட்டலம் முழுவதையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் உச்சி சாய்ந்த பொழுதில், குற்றாலிங்கம் உண்டு உறங்கும் நேரம் பார்த்து, அவர் மேட்டுக்கு ஏறினார். பொட்டலத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். தண்ணீர் மயில்கழுத்து நிறம் கொண்டு குழாய்வாயில் இறங்கியது. பிறகு, கன்றுக்குட்டியைத் தேடுகிறவர்போல அண்ணனின் தோட்டத்துக்குள் நுழைந்து பலாமரத்தடியில் நின்றார். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. தாம் நினைத்தது பிழையோ என்று அவர் நெஞ்சு சற்றுத் தளர்ந்த வேளையில், வேரோரத்துச் சருகின் அடியிலிருந்து நீலம் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் அது பரந்தது. சிவசைலத்துக்கு அப்போது உண்டான மகிழ்ச்சியைக் களவு கொடுத்தவன் மகிழ்ச்சி என்று சொல்ல இயலாது. பந்தயத்தில் வென்றவன் மகிழ்ச்சி அது.

அவர் அண்ணனை உரக்கக் கூப்பிட்டார். குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். கூப்பாடு கேட்டுத் தெருவில் போனவர்களும் வேலியோரம் கூடினார்கள்.

“மரத்துக்குத் தனிப் பைப்பு வச்சிருக்கிய, அண்ணே. என் வீட்டுத் தண்ணியில நீங்க பலா வளக்கிய.”

குற்றாலிங்கம் நீலத்தைப் பார்த்தார்; தம்பியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி இராமலட்சுமி அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தோடு வந்தாள். மாலையில் ஆட்டுவதற்காகக் களைந்து வைத்த உளுந்து அதில் இருந்தது. வெண்மையாய் இருக்கவேண்டிய உளுந்து நாவற்பழத்தைப் பிசைந்தாற்போல் கிடந்தது. அவள் கைகளும் முழங்கைவரை நீலமாயிருந்தன. பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் கைகளைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“தண்ணியில என்னத்தலே கலந்த?” என்று குற்றாலிங்கம் கேட்டார்.

“சாயம். வேற ஒண்ணுமில்ல.”

“நாங்க குடிக்கிற தண்ணியில.” அவர் அவ்வளவே சொன்னார். பின்னர் தோட்ட வேலைக்காரன் நல்லகண்ணுவைக் கூப்பிட்டு, இவனுக்கு முன்னாலேயே தோண்டு என்றார்.

நல்லகண்ணு தோண்டினான். கிளைக்குழாய் ஒன்றும் இல்லை. குழாயும் குழாயும் சேருகின்ற மூட்டு துருப்பிடித்துப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் பலாவின் வேர்கள் சடைபிடித்த கூந்தல்போலப் புகுந்து உள்ளே நிறைந்திருந்தன. யாரும் வைக்காமல் மரம் தானே வைத்துக்கொண்ட வாய் அது. இன்னும் சற்று ஆழமாகத் தோண்டு என்று சிவசைலம் சொன்னார். ஆழத்திலும் வேர்தான் இருந்தது. வேலியோரத்தில் யாரோ, கேஸ் போடணும்னா பலாமரத்து மேலதான் போடணும் என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். குற்றாலிங்கம் மட்டும் இம்முறை சிரிக்கவில்லை.

“பாத்தாச்சா? இனி உன் பைப்பு உனக்கு. நான் அதுல ஒரு விரலும் வைக்க மாட்டேன், பத்திரமாக் கெடக்கட்டும். என் வீட்டுக்கு நான் தொட்டியிலேருந்து வேற வழியாக் கொண்டுபோயிக்கிடுதேன்.”

சிவசைலம் எதற்கு அஞ்சினாரோ அது நிகழவில்லை. அவர் கேட்டதே கிடைத்தது. பழைய இரும்பு அண்ணன் மண்ணில் அசையாமல் கிடந்தது. ஆனால் தோண்டுகையில் இன்னும் பிளந்துபோன மூட்டைத் தாண்டி ஒரு சொட்டும் வரவில்லை. பிச்சம்மாள் வாய்க்காலுக்குக் குடமெடுத்து நடக்கலானாள். ஓரகத்தியிடம் போய் ஒரு குடம் கேட்க அவளுக்கும் முகமில்லை. இராமலட்சுமியோ, தொட்டியை இறைத்துக் கழுவி நாலு பேர் குடித்துப் பார்த்த பிறகும், அதிலிருந்து ஒரு செம்புகூட மோந்து குடிக்க மறுத்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

“உங்க சாட்சி நல்லாத்தான் படுத்திருக்கு. அதைப் புழிஞ்சா ஒரு செம்பு வருதான்னு பாருங்க,” என்றாள் பிச்சம்மாள், குடத்தை இறக்கிவைத்துக்கொண்டே.

ஆனி பிறந்தது. மலையின் உச்சியில் மஞ்சு கட்டிற்று; மேல்காற்று சில்லென்று திரும்பியது. சிவகிரிக் குடும்பம் எந்நாளும் வந்து இறங்கலாம். ஒரு காலையில் சிவசைலம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தம் வீட்டுச் சுவரோரத்தில் தோண்டத் தொடங்கினார். பழைய குழாயைத் துண்டு துண்டாக நெம்பி எடுத்து வெளியே போட்டார். தம் பக்கத்தை முடித்ததும் மதிலுக்கு அப்பாலும் சென்று தோண்டினார். ஒவ்வொரு துண்டையும் எடுக்கும்போது அவருக்குத் தம் பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது.

குற்றாலிங்கம் வந்து நின்றார். “என்னலே பண்ணுத?”

“பழசை எடுக்கேன், அண்ணே. இந்தக் குழியிலேயே ரெண்டு வீட்டுக்கும் புதுசு படுக்கட்டும்.”

“நாளைக்கு நான் வழி இல்லன்னு சொன்னா?”

“சொல்ல மாட்டிய.”

இது குற்றாலிங்கத்தை நெகிழ்விக்கவில்லை. அஞ்சி அஞ்சிக் காத்த சாட்சியை இவன் தானே தோண்டி எறிகிறான் என்றால் இதற்குள் வேறேதோ சூழ்ச்சி இருக்கவேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. தாம் சொன்ன வேறு வழியை அவரும் இன்னும் போட்டிருக்கவில்லை; யாக்கூபை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஆனால் வேலை முடியும்வரை குழியோரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, சாரலுக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியின் மடியையும் கையையும் அவர் கண் விட்டு அகலவில்லை. நல்லகண்ணுவை மேட்டுத் தொட்டிக்குக் காவல் வைத்தார். தம்மைப் பிறர் அவ்வாறு பார்ப்பது எப்படி இருக்கும் என்பதைச் சிவசைலம் குனிந்தபடியே அறிந்துகொண்டார்.

துத்தநாகம் பூசிய புதுக்குழாய்கள் வெள்ளிபோலப் பளபளத்தன. யாக்கூப் மூட்டுக்கு மூட்டு சணல் சுற்றி, வெள்ளைப் பசை தடவி முறுக்கினான். இம்முறை அவனுக்குக் காப்பி சிவசைலத்தின் வீட்டிலிருந்து வந்தது. பலாமரத்துக்குப் பக்கத்தில் வேரை வெட்டி, அங்கே மூட்டு வராமல் முழுக்குழாயாகப் போட்டான். இரண்டு வீட்டுக்கும் பிரியும் இடத்தில், சிவசைலத்தின் வீட்டுக்குப் போகும் பக்கம் ஒரு வால்வு வைத்து, அதை அடைத்துவிட்டு, முதலில் குற்றாலிங்கத்தின் கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டான். உறுமிக்கொண்டு காற்று வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. கலங்கல் போய்த் தெளிந்தது.

யாரும் கையை நீட்டவில்லை. இராமலட்சுமி ஒரு செம்பு நிறையப் பிடித்தாள்.

“தம்பி மொதல்ல குடிக்கட்டும்,” என்றாள்.

சிவசைலம் அவளைப் பார்த்தார். மதினியின் நகங்களின் ஓரத்தில் நீலம் இன்னும் முழுவதும் போகவில்லை. அவர் செம்பை வாங்கி அண்ணாந்தார். சணலும் எண்ணெயும் இரும்பும் கலந்த வாடை மூக்கிலடித்தது. முகத்தைச் சுளித்தால் அதற்கும் ஒரு பொருள் கொள்ளுவார்கள் என்பதனால், அவர் அசையாமல் கடைசிச் சொட்டுவரை விழுங்கினார். குற்றாலிங்கம் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு செம்பு,” என்றாள் இராமலட்சுமி.

அதையும் குடித்தார்.

அதன்பின் அவள் அதே குழாயில் ஒரு வாய் பிடித்துக் குடித்துவிட்டு, உளுந்து களைய உள்ளே போனாள். குற்றாலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, வால்வில் கை வைத்துத் திருகலானார். மதிலுக்கு அப்பால் பிச்சம்மாள் குடத்தை வைக்கும் ஒலி கேட்டது. அண்ணன் எத்தனை சுற்றுத் திருகுகிறார் என்று சிவசைலம் பார்க்கவில்லை. பார்க்கலாகாது என்று, மலையில் இறங்கிக்கொண்டிருந்த மேகத்தையே நோக்கியவாறு நின்றார்.